பப்படப் படங்கள்

நாகர்கோவில் பக்கத்தில் கேமரா வைத்திருப்பவனுக்கு ஊர் வகுத்த கடமைகள் சில உண்டு. காதுகுத்து, பால்காய்ப்பு, அடியந்திரம் எதுவானாலும் பந்திக்கு முன்பே போய் நிற்க வேண்டும். வெளியூர் மச்சினன் வந்தால் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போய், அவன் அஸ்தமனச் சூரியனை இரண்டு விரலால் பிடித்திருப்பது போல ஒரு படம் எடுத்துக்கொடுக்க வேண்டும். எல்லாப் படத்திலும் முகம் தெளிவாக இருக்க வேண்டும். முகத்திலுள்ள சுருக்கம் மட்டும் தெளிவாக இருக்கக் கூடாது.

தெளிவான படத்தைப்போல் குடும்ப ஒற்றுமையைக் கெடுப்பது வேறில்லை. ஆல்பம் வீட்டுக்கு வந்த அன்றே தணிக்கை தொடங்கிவிடும். மாப்பிள்ளை வீட்டாருக்கு எத்தனை படம், நமக்கு எத்தனை, சித்தப்பாவின் பாதி உடம்பை வெட்டியது தற்செயலா, போன கல்யாணத்தில் உடுத்த அதே பட்டைத்தானே மயினி இப்போதும் உடுத்திருக்கிறாள்? கேமராவில் பிக்சல் கூடக்கூட வழக்குகளும் கூடுகின்றன.

ஆகவே நான் மங்கலுக்கு மாறினேன். செய்முறை எளிது. ஆட்டோ ஃபோகஸை அணைத்து, லென்ஸின் வளையத்தை மிக அருகிலுள்ள தூரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு, எங்கோ தொலைவில் எரிகிற விளக்குகளை எடுப்பது. டீக்கடை பல்பு, பஸ்ஸின் முகவிளக்கு, ஜவுளிக்கடைப் பலகை எல்லாம் உருவம் கரைந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய நிற வட்டங்களாகப் படத்தில் விழும். வடசேரி பஸ் ஸ்டாண்டை மழை இரவில் அப்படி எடுத்ததை முதலில் பார்த்தவர் அத்தான்.

“இது என்னடே, பப்படமா?”

“வெளக்கு அத்தான்.”

“வெளக்குன்னா வெளக்கு மாதிரி இருக்கணும்லா? இவ்வளவு காசு குடுத்து கேமரா வாங்குனது பப்படம் பொரிக்கதுக்கா?”

பப்படம் எப்படிப் பொரிகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு விளக்கிலிருந்து புறப்படும் ஒளி லென்ஸ் முழுவதும் விழுந்து, மறுபுறம் கூம்பாகக் குவிகிறது. குவியும் முனை சரியாக சென்சார்மேல் விழுந்தால் புள்ளி. முன்னாலோ பின்னாலோ விலகினால் புள்ளி பரந்து வட்டமாகிறது. லென்ஸின் திறப்பு பெரிதானால் வட்டமும் பெரிது. திறப்பின் வடிவந்தான் வட்டத்தின் வடிவம். முழுக்கத் திறந்திருந்தால் வட்டம். கொஞ்சம் மூடினால், 5 இதழ் கொண்ட லென்ஸில் ஐங்கோணம், 7 இதழ் கொண்டதில் எழுகோணம். கறுப்புச் சார்ட் பேப்பரில் சின்னதாக நட்சத்திர ஓட்டை வெட்டி லென்ஸ் முகத்தில் ஒட்டிவிட்டால் ஒவ்வொரு விளக்கும் நட்சத்திரமாகும். டிசம்பரில் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் தொங்குகிற மாவட்டத்தில், அதை வட்டமாக்கி, பிறகு காகிதம் வெட்டி மறுபடியும் நட்சத்திரமாக்க இவ்வளவு பாடா என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லாமல் இதய வடிவில் ஓர் ஓட்டை வெட்டினேன். முப்பந்தல் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் அன்றிரவு மொத்தமாகக் காதலில் விழுந்தன.

செல்போன் இந்த வேலைக்கு லேசில் மசியாது. அதன் லென்ஸ் திறப்பும் சென்சாரும் சிறியவை. எதையும் தெளிவாகக் காட்டியே தீரும் பிடிவாதம் அதற்கு. மங்கல் வேண்டுமென்றால் கணக்குப் போட்டுச் செயற்கையாக மங்கலாக்கும். அந்தக் கணக்கில் சில சமயம் பக்கத்திலிருப்பவரின் காதும் சேர்ந்து கரைந்துபோகும். அதை ஏமாற்ற ஒரு வழி உண்டு. லென்ஸுக்கு முன்னால் விரலை நீட்டி, திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, நீட்டிய விரலை எடுத்துவிட வேண்டும். தெருவில் நின்று இதைச் செய்தால் உதவிக்கு ஆள் வரும். “அண்ணாச்சி, போக்கஸ் போயிருக்கு, திருப்பும்” என்று சொல்லாத ஆட்டோக்காரர் நான் பார்த்ததில்லை. வேண்டுமென்றேதான் எடுக்கிறேன் என்று சொன்னதும் அவர் முகத்தில் வருகிற இரக்கத்தைத் தெளிவாகப் படமெடுத்து வைத்திருக்கலாம்.

எங்கள் ஊரில் இந்தக் கலைக்கு சீசன் உண்டு. நவம்பர் கடைசியில் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா தொடங்கும். டிசம்பர் 3 முடிந்ததும் வீடுகளில் கிறிஸ்துமஸ் குடில் எழும். அடுத்து சுசீந்திரத்தில் மார்கழித் தேரோட்டம். மதம் எதுவானாலும் சீரியல் செட் ஒன்றுதான். விளக்கைப் பார்த்துக் கேமராவை வேண்டுமென்றே ஆட்டினால் ஒளி கோடாக இழுபடும். அதில் ஒரு வேடிக்கை: எண்ணெய் விளக்கு தொடர்ந்த கோடாக வரும், மலிவான எல்இடி மாலையோ துண்டுதுண்டாக வரும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று ஓடுவது. அந்த எல்இடிகள் அதற்கேற்ப நொடிக்கு 50 முறையோ 100 முறையோ அணைந்து எரிகின்றன. கண்ணுக்கு அது பிடிபடாது. தெளிவான படத்திலும் பிடிபடாது. கை ஆடிய படம்தான் போட்டுக்கொடுக்கும்.

இந்த மாவட்டத்துக்கு ஒளி மங்கல் புதிதுமல்ல. குமரி அம்மனின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்துக் கப்பல்கள் பாறையில் மோதியதாகவும், அதனால்தான் கோயிலின் கீழை வாசலை அடைத்தார்கள் என்றும் பாட்டிமார் சொல்வார்கள். இன்றும் அந்த வாசல் விசேஷ நாட்களில் மட்டுமே திறக்கிறது. ஒரு கல் மூக்குத்தி தூரத்தில் கலங்கரை விளக்கம் அளவுக்குப் பரந்து தெரிந்தது என்றால், அந்தக் கப்பற்காரர்கள்தான் எங்கள் பள்ளியின் மூத்த மாணவர்கள். குடும்பத்தில் ஒருவரும் இதை வாதமாக ஏற்றுக்கொள்ளவில்லை.

எனவே பெரிய இடத்துச் சாட்சிக்குப் போனேன். ஜூலியா மார்கரெட் கேமரன். பெயரே கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். இங்கிலாந்தில் இருந்தபோது, 48 வயதில், மகள் பரிசளித்த கேமராவோடு தொடங்கி டெனிசன், டார்வின், ஹெர்ஷல் போன்றவர்களையெல்லாம் உட்காரவைத்து எடுத்தார். முகங்கள் லேசாகக் கலங்கியிருக்கும். அந்நாளைய புகைப்பட விமரிசகர்கள் இந்த அம்மாளுக்கு ஃபோகஸ் செய்யத் தெரியவில்லை என்று எழுதினார்கள். எது சரியான ஃபோகஸ் என்று தீர்ப்புச் சொல்ல யாருக்கு உரிமை என்று ஹெர்ஷலுக்கு எழுதிய கடிதத்தில் கேட்டார் அவர். 1875-இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, அங்கே தோட்டத் தொழிலாளர்களையும் படமெடுத்து, 1879-இல் அங்கேயே இறந்தார். இதையெல்லாம் அத்தானிடம் விளக்கினேன். “அவிய வெள்ளக்காரி, செல்லும். நீ எடுத்தா செல்லுமா?” என்றார்.

ஜப்பானியரான ஹிரோஷி சுகிமோட்டோ இன்னும் ஒரு படி மேலே போனவர். 1997 முதல் ஈஃபிள் கோபுரம் போன்ற புகழ்பெற்ற கட்டடங்களை முழுக்க ஃபோகஸ் இல்லாமல் எடுத்தார். நல்ல கட்டடம் கலங்கிய பிறகும் தன் உருவத்தை விட்டுக்கொடுக்காது என்பது அவருடைய சோதனை. நானும் கன்னியாகுமரிக் கரையில் நின்று அதே சோதனையைச் செய்தேன். வள்ளுவர் முதல் வகுப்பில் தேறினார். 38 அடி பீடமும் 95 அடி உருவமுமாக 133 அடி. எவ்வளவு கலக்கினாலும் கணபதி ஸ்தபதி கொடுத்த அந்த இடுப்பு வளைவு ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். விவேகானந்தர் பாறை மண்டபம் குவிமாடத்தை வைத்துத் தப்பித்தது. இரண்டுக்கும் நடுவே 2024 டிசம்பரில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் ஒற்றை ஒளிக்கோடாக நின்றது. திரும்பும் வழியில் புதிதாகக் கட்டிய ஒரு கல்யாண மண்டபத்தையும் சோதித்தேன். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னாலும் படத்தைப் பார்த்து உறுதிசெய்ய முடியாது.

என் படங்களை முதன்முதலில் புரிந்துகொண்டவர் பெரியம்மைதான். கண்ணில் புரை முற்றியிருந்த நேரம். படத்தை வாங்கித் தூரத்தில் வைத்துப் பார்த்தார். “மக்களே, இதுக்கா இம்புட்டுக் காசு? நான் தெனமும் செலவில்லாம இப்படித்தான பாக்கேன்.” கண்புரை ஒளியைச் சிதறடிப்பதால் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும் என்பது மருத்துவ உண்மை. பிறகு அறுவை நல்லபடியாக முடிந்து கட்டுப் பிரித்து வந்தார். அன்று சாயங்காலத்துக்குள் அடுக்களை மூலையில் ஒட்டடையையும், மருமகள் ஒளித்துவைத்த முறுக்கு டப்பாவையும் கண்டுபிடித்துவிட்டார். கண்ணாடி முன் நின்று, “ஆருடி இது, ஒரு கெழவி நிக்கா?” என்று கேட்டார். வீட்டில் நிம்மதி போயிற்று. மங்கல் எவ்வளவு பெரிய சமாதான ஏற்பாடு என்று அன்றைக்கு எல்லோரும் தெரிந்துகொண்டார்கள்.

அந்தத் தெளிவில்தான் திருக்கார்த்திகைக்கு எனக்கு ஓர் ஆர்டர் கிடைத்தது. குடும்பவீட்டு முற்றத்தில் ஆளுக்கொரு அகல் ஏற்றினார்கள். ஓலைக் கொழுக்கட்டை அவிகிற மணத்தில் நான் அத்தனை விளக்கையும் கலக்கி எடுத்து, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன். முகம் இல்லாத குடும்பப் படம். யாரும் விடுபடவில்லை, யாருக்கும் வயதாகவில்லை, பட்டுச்சேலை விவகாரம் இல்லை.

ஒரு வாரம் நன்றாகத்தான் போனது. பிறகு அத்தான் வந்து, நடுவில் பெரிதாக இருக்கிற மஞ்சள் வட்டம் தன் விளக்குதான் என்றார். மயினி, “அவியளுக்கு மட்டும் என்ன, அவ்வளவு பெரிசா?” என்றாள். சித்தப்பா தன் வட்டத்தை இன்னொருவர் வட்டம் மறைக்கிறது என்று கண்டுபிடித்தார். வட்டத்தின் அளவு விளக்கு இருக்கும் தூரத்தைப் பொறுத்தது, சொத்துப் பங்கைப் பொறுத்தது அல்ல என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. அப்படியானால் அடுத்த வருசம் எல்லோருக்கும் ஒரே அளவில் எடுத்துத் தா என்கிறார்கள். எடுக்கலாம், ஒளியியலில் அதற்கும் வழி இருக்கிறது. நல்ல தூரத்தில் போய் நின்றுகொண்டால் எல்லா வட்டமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் விழும். சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் சமமாகப் பார்க்க எனக்குத் தெரிந்து வேறு வழியில்லை.