கண் உள்ள மூடி

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் போன் அடித்தால் நல்ல செய்தியாக இருக்காது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. பதறிப்போய் எடுத்தேன். பெரியம்மா. முந்தின ராத்திரிதான் எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏற்றிவிட்டு வந்திருந்தேன்.

“ஏல, பிரிட்ஜுல ரெண்டாவது தட்டுல அரை மூடித் தேங்காய் இருக்கு. கண்ணுள்ள மூடி. இன்னைக்கே துவையல் அரைச்சிரச் சொல்லு. நாளைக்கு வச்சா வீணாப் போயிரும்.”

“ஊர் வந்து சேந்தாச்சா பெரியம்மா?”

“கோவில்பட்டி தாண்டியாச்சு. வண்டி எங்க போயிரும்? நீ தேங்காயைப் பாரு.”

தேங்காயை உடைத்தால் கிடைக்கும் இரண்டு மூடியில் கண் இருக்கிற மூடிதான் முதலில் கெடும், அதை முதலில் துருவ வேண்டும் என்பது பெரியம்மாவின் சட்டம். கண் இல்லாத மூடி ஒரு நாள் பொறுத்துக்கொள்ளும். இதெல்லாம் தெரியாமல்தான் நானும் என் மனைவியும் பத்து வருஷமாகக் குடித்தனம் செய்துகொண்டிருந்தோம்.

உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒரு பெரியம்மா இருப்பாள். சித்தியாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம். கல்யாண வீட்டில் எல்லோரும் மணமேடையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது ஒருத்தி மட்டும் சமையற்கட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தால், அவள்தான். பந்தி முடிந்ததும் சாம்பார், புளிக்குழம்பு, அவியல், கூட்டு எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டிச் சுண்டவைக்க ஏற்பாடு செய்துவிட்டுத்தான் மணமக்களை வாழ்த்தப் போவாள். அந்தச் சுண்டக்குழம்பை மறுநாள் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டவர்கள் கல்யாணச் சாப்பாட்டை மறந்துபோவார்கள். நான் மறந்திருக்கிறேன். எந்தக் கல்யாணம் என்பதுகூட நினைவில்லை.

அவளைக் கருமி என்று சொல்பவர்கள் அவள் வீட்டில் சாப்பிடாதவர்கள். கருமிக்குப் பொருள் தீர்ந்துபோவது பயம். பெரியம்மாவுக்கு அது குப்பைக்குப் போவதுதான் பயம். நீங்கள் எட்டு தோசை தின்றால் அவளுக்குச் சந்தோஷம். எட்டாவது தோசையின் ஓரத்தைத் தட்டில் விட்டுவிட்டு எழுந்தீர்களோ, அப்புறம் அவள் முகத்தைப் பார்க்க முடியாது.

மீனாட்சி அம்மாள் 1951இல் ‘சமைத்துப் பார்’ எழுதினார். பெரியம்மா புத்தகம் எழுதினால் அதற்குப் பெயர் ‘கொட்டிப் பார்’ என்றுதான் இருக்கும். மிரட்டல் தொனியில் வாசிக்க வேண்டும்.

அவள் சமையற்கட்டில் கழிவு என்று ஒரு சாதி கிடையாது. பீர்க்கங்காயை வாங்குவதே தோலுக்காகத்தான். தோல் துவையலாகும், உள்ளே இருப்பது போனால் போகிறதென்று கூட்டாகும். வாழைக்காய்த் தோலைப் பொடியாக நறுக்கி வதக்கினால் பொரியல். தர்பூசணியில் சிவப்பு குழந்தைகளுக்கு, வெள்ளை பாசிப்பருப்போடு சேர்ந்து கூட்டுக்கு. கொத்தமல்லியின் வேரைக் கழுவித் தட்டி ரசத்தில் போடுவாள். பலாப்பழம் வாங்கினால் எண்ணுவது சுளையை அல்ல, கொட்டையை. அரிசி களைந்த முதல் தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு, இரண்டாவது தண்ணீர் புளி கரைக்க. வடித்த கஞ்சி பருத்திச் சேலைக்கு. கரைத்துப் பிழிந்த புளிச் சக்கை ஒரு கிண்ணத்தில் சேர்ந்துகொண்டே வரும். வெள்ளிக்கிழமை அது உப்போடு சேர்ந்து குத்துவிளக்கைத் தேய்க்கும். மிக்ஸி ஜாடியைக் கழுவிய தண்ணீரைக் குழம்பில் ஊற்றாதவர்களை அவள் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

பால் பாக்கெட்டைக் கத்தரிப்பதில் ஒரு முறை உண்டு. மூலை தனியாகத் துண்டிக்கப்படக் கூடாது, தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். துண்டு தனியே விழுந்தால் அது சாக்கடைக்குப் போகும், மாட்டின் வயிற்றுக்குப் போகும் என்பாள். சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் இன்று சொல்வதை அவள் நான் அரைக்கால் சட்டை போட்ட காலத்திலேயே சொல்லியிருக்கிறாள். காலியான பாக்கெட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி அதையும் பாலில் சேர்ப்பாள். பெரியப்பா முதல் காப்பியை மட்டும்தான் நம்பிக் குடிப்பார்.

சிலிண்டர் 14.2 கிலோ. அது மாட்டிய தேதி தினசரிக் காலண்டரின் அட்டையில் பென்சிலால் எழுதப்படும். முந்தின சிலிண்டரைவிட ஒரு நாள் கூட ஓடினால் அன்றைக்குப் பாயசம். அந்தப் பாயசம் செய்ய எவ்வளவு கேஸ் ஆகும் என்று பெரியப்பா ஒருமுறை கேட்டார். அன்று அவருக்குப் பாயசம் இல்லை. குக்கரில் அடித்தட்டில் பருப்பு, மேல்தட்டில் அரிசி, அதற்கும் மேலே ஒரு கிண்ணத்தில் கிழங்கு. பெட்டியில் இடம் பிடிப்பது மாதிரி ஏற்றிவிடுவாள். அடுப்பை அணைத்தாலும் அதற்கு விடுதலை கிடையாது. காய்ந்த தோசைக்கல்லின் சூட்டில் எள் வறுபடும், ஈரம் கோத்த உப்பு உலரும், நமுத்த அப்பளம் மறுபடியும் மொறுமொறுப்பாகும். யாராவது அல்வா வாங்கி வந்தால், பொட்டலத் தாளில் ஒட்டியிருக்கிற நெய்யை அதே கல்லில் தேய்த்து எடுப்பாள். திருநெல்வேலியில் அல்வா மணக்கும் தோசை தின்றது அநேகமாக நாங்கள் மட்டும்தான்.

மாவின் கதை தனி. ஓய்வூதியம் வருகிற வீடுதான். ஆனாலும் ரேஷனுக்குத் தவறாமல் போவாள். கிலோ 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு கொடுக்கும்போது வாங்காமல் இருப்பது அரசாங்கத்துக்குச் செய்கிற அவமரியாதை என்பது அவள் கட்சி. ரேஷன் புழுங்கல் அரிசியில் இட்லி பூப்போல வரும் என்பது உண்மை. கடை அரிசிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நாலுக்கு ஒன்று உளுந்து. அரைத்த மாவு முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, மூன்றாம் நாள் வெங்காயம் தூவிய ஊத்தப்பம், நாலாம் நாள் கடுகு தாளித்துக் கொட்டிய குழிப்பணியாரம். அதற்குப் பிறகும் அடியில் ஒரு கரண்டி இருக்கும். அதைப் புதிதாக அரைத்த மாவில் சேர்த்துவிடுவாள், சீக்கிரம் புளிக்க. ஆகவே அந்த மாவு ஒருநாளும் தீர்ந்ததே இல்லை. கல்யாணமாகி வந்த வருஷம் அரைத்த மாவுதான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது பெரியப்பாவின் கணக்கு. மாவுக்கு நாற்பது வயது. அவர்கள் மகனைவிட ஒரு வயது மூப்பு.

இட்லி மிஞ்சினால் மறுபிறவி தொடங்கும். சாயங்காலம் உதிர்த்து இட்லி உப்புமா. உப்புமாவில் மிஞ்சியது காலையில் கடலை மாவோடு பிசையப்பட்டு எண்ணெயில் விழுந்து எழுந்தால் போண்டா. போண்டா ஆறிப்போனால் மோர்க்குழம்பில் ஊறப்போடுவாள். அந்தக் குழம்புக்கு மோர் எங்கிருந்து வந்தது? புளித்துப்போன தயிர். சரி, குழம்பு மிஞ்சினால்? என்ன கேள்வி இது. குழம்பு மிஞ்சினால் இட்லி அவிப்பாள், தொட்டுக்கொள்ள.

இங்கேதான் எனக்கும் அவளுக்கும் தகராறு. நான் பிழைப்பது பேங்க்கில். கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது. போன லீவுக்குப் போனபோது அவள் வீட்டில் வாடிய கத்தரிக்காய் நாலும் முருங்கைக்காய் அரையும் கிடந்தன. பத்து ரூபாய் பெறாது. அதைக் காப்பாற்ற வேண்டும் என்று கூட்டாஞ்சோறு செய்யத் தீர்மானித்தாள். அதற்கு அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை, கொஞ்சம் மாங்காய், இரண்டு வாழைக்காய், அரைக்க ஒரு தேங்காய், மேலே ஊற்ற நெய், தொட்டுக்கொள்ளக் கூழ்வற்றல். பெரியப்பா இரண்டு தடவை கடைக்குப் போய்வந்தார். அண்டா நிறையக் கூட்டாஞ்சோறு. தெருவில் ஆறு வீட்டுக்குத் தூக்கில் போனது. காகிதத்தில் கூட்டிப் பார்த்தேன். முந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே.

“பெரியம்மா, அந்த நாலு கத்தரிக்காயைத் தூரப் போட்டிருந்தா இருநூத்தித் தொண்ணூறு ரூவா மிச்சம்.”

அவள் என்னைச் சற்று நேரம் பார்த்தாள். “ஒனக்கு எப்படில பேங்குல வேல குடுத்தான்?”

அரைக்கக் கொண்டுவந்த தேங்காயில் அரை மூடி மிஞ்சியிருந்தது. கண் இல்லாத மூடி. அதற்காக மறுநாள் சொதி வைத்தாள். சொதிக்கு அரை மூடி போதவில்லை. இன்னும் ஒரு தேங்காய் வாங்கினோம்.

அவளுடைய எல்லாக் குறிப்பையும் நான் ஒப்புக்கொள்கிறேன் என்று நினைக்க வேண்டாம். குழம்பில் உப்புக் கூடிவிட்டால் ஓர் உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டால் உப்பை உறிஞ்சிவிடும் என்பாள். கிழங்கு தன் பங்குக் குழம்பைக் குடிக்கும். அதோடு சேர்ந்த உப்பைக் குடிக்கும். மிச்சக் குழம்பு அதே உப்போடுதான் இருக்கும். தண்ணீரும் புளியும் பருப்பும் சேர்த்து அளவைக் கூட்டினால்தான் உப்புக் குறையும். அளவைக் கூட்டினால் மிஞ்சும். மிஞ்சினால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் அவளை எந்த அதிகாரியும் குறை சொல்ல முடியாது. பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சினால் அதில் சேரும் கேடான பொருள்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலையிலிருந்து விதி வைத்திருக்கிறது. பெரியம்மாவுக்கு விழுக்காடு தெரியாது. அப்பளம் பொரித்த எண்ணெயை வடிகட்டி, இரண்டே நாளில் தாளிப்பதற்குத் தீர்த்துவிடுவாள். மறுபடி வாணலியில் வைத்துப் பொரிக்கவே மாட்டாள். அந்த எண்ணெய் மிஞ்சக் கூடாது என்பதற்காகத்தான் முதலிலேயே கொஞ்சமாக ஊற்றி, அப்பளத்தை இரண்டாகக் கிழித்துப் பொரிப்பது. முழு அப்பளத்தை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு கல்யாண வீட்டில்.

பலகாரம் என்று வந்தால் சிக்கனம் கொஞ்சம் தடுமாறும். ஏழு கப் என்கிற இனிப்பு எல்லோருக்கும் தெரியும்: கடலை மாவு, பால், தேங்காய்த் துருவல், நெய் தலைக்கு ஒரு கப், சர்க்கரை மூன்று கப். பெரியம்மா சர்க்கரையில் ஒன்றைக் குறைத்தாள், நெய்யில் பாதியைக் குறைத்தாள். ஐந்தரைக் கப். கிளறக் கிளற அது துண்டாகவும் ஆகவில்லை, அல்வாவாகவும் ஆகவில்லை. கரண்டி போட்டுக் கொடுத்துவிட்டு, “இது புதுசு” என்றாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் ஓட்டு எப்போதும் வேறு இரண்டுக்குத்தான். ஒன்று, பொட்டுக்கடலையையும் சர்க்கரையையும் நைசாக அரைத்து, சூடான நெய் விட்டு நிமிஷத்தில் பிடிக்கிற மாவுருண்டை. அடுப்பில் நெய் உருகுகிற நேரம்தான் செலவு. இன்னொன்றுக்குப் பெயரே கிடையாது. வெண்ணெய் காய்ச்சும்போது முருங்கை இலை போட்டு இறக்குவாள். நெய்யை வடித்த பிறகு சட்டியடியில் செம்பழுப்பாக ஒட்டியிருக்கும் கசடு, மொறுமொறுவென்று பொரிந்த அந்த இலை, இரண்டின் மேலும் சுடுசோறு, ஒரு சிட்டிகை உப்பு. பிசைந்து ஆளுக்கு ஓர் உருண்டை கையில் வைப்பாள். அதற்காக நாங்கள் அண்ணன் தம்பிகள் அடித்துக்கொண்டதில் என் நெற்றியில் ஒரு தழும்பு உண்டு. பால் திரிந்தால்கூட அவள் முகம் வாடாது. சர்க்கரை போட்டுக் கிளற ஒரு சாக்குக் கிடைத்தது என்று வாணலியை எடுப்பாள். பாலைத் தானே திரியவிடுகிறாளோ என்ற சந்தேகம் எங்களுக்கு உண்டு. நிரூபிக்க முடியவில்லை.

அந்தக் கூட்டாஞ்சோறு போன ஆறு வீட்டுக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கமில்லை. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள். ஆறு தூக்கும் ஒரு வாரத்துக்குள் வந்தன. ஒன்றில் நார்த்தங்காய் ஊறுகாய், ஒன்றில் மணத்தக்காளி வற்றல், ஒன்றில் தோட்டத்து எலுமிச்சை இருபது, ஒன்றில் முறுக்கு, ஒன்றில் புளிமிளகாய், ஒன்றில் வெறும் சர்க்கரை. பெரியம்மா அவற்றை வரிசையாக மேடையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பேனா கொண்டுவரச் சொல்லவில்லை. நானும் காகிதத்தை எடுக்கவில்லை.

இப்போது எனக்கு ஒரு சங்கடம். ஊருக்குப் போகும்போது எங்கள் வீட்டில் ஒரு தூக்கை மறந்து வைத்துவிட்டாள். உள்ளே அவள் கொண்டுவந்த இஞ்சிப் பச்சடி இருந்தது, தீர்ந்துவிட்டது. தினமும் போன் வருகிறது. தூக்கைப் பார்சலில் அனுப்புகிறேன் என்றேன். தூக்கின் விலையைவிடப் பார்சலுக்கு அதிகமாகும் என்று தடுத்துவிட்டாள். முதல்முறையாக என் கணக்கும் அவள் கணக்கும் ஒத்துப்போயிருக்கின்றன.

வாசகர்களில் யாராவது இந்த வாரம் நெல்லை எக்ஸ்பிரஸில் போவதாக இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். தூக்கு நிறைய மாவுருண்டை போட்டுக் கொடுத்துவிடுகிறேன். பெரியம்மா ஸ்டேஷனுக்கே வந்துவிடுவாள். உங்களைச் சாப்பிடாமல் அனுப்ப மாட்டாள். வயிறு நிறையச் சாப்பிடுங்கள், இலையில் ஒன்றும் மிச்சம் வைக்காதீர்கள். எதிலிருந்து செய்தது என்று மட்டும் கேட்க வேண்டாம்.