மியூட்டில் ஒரு வாத்தியார்

எண்பதுகளில் ராஜகீழ்ப்பாக்கத்தில் மனை வாங்கிக் குடிவந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே பிடிபடும்: ஏரியைத் தாண்டி வயல், வயலைத் தாண்டிப் பொட்டல், நடுவில் பூச்சுவேலை முடியாத நாலைந்து வீடுகள், மழை பெய்தால் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு கேம்ப் ரோடு வரை நடை, தலைக்கு மேலே விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானங்களின் இரைச்சல். அதில் பறக்கிறவர்கள் புதுப் பையன்கள் இல்லை, நாளைக்கு விமானம் ஓட்டக் கற்றுத்தரப் போகும் வாத்தியார்கள் என்பதும், அந்தப் பயிற்சிப் பள்ளி 1954 முதல் தாம்பரத்தில்தான் இருக்கிறது என்பதும் பின்னால்தான் தெரிந்தது. ஆக, ஊருக்கே வேண்டிய வாத்தியார்கள் ஆகாயத்தில் வட்டம் போட்டுக்கொண்டிருக்க, நான் கீழே திண்ணையில் வாத்தியாரே இல்லாமல் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன்.

அஞ்சல்வழிக் கல்வி. 1979-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1981-இல் சென்னைப் பல்கலைக்கழகம் என்று ஒவ்வொன்றாக அதில் இறங்க, பகலில் பில் போடுகிற பையனெல்லாம் ராத்திரியில் பட்டதாரி ஆகிவிடலாம் என்ற ஆசை வீட்டுக்கு வீடு தொற்றிய காலம். நான் எதில் சேர்ந்தேன் என்று கேட்காதீர்கள். அந்தப் பட்டத்தைக் காட்டி வாங்கிய வேலைக்குத்தான் இன்றும் பென்ஷன் வருகிறது. பழுப்பு உறையில் பாடங்கள் வரும், ஆனால் பத்தாம் பாடம் வந்து வெகுநாள் கழித்துத்தான் ஏழாம் பாடம் வரும். விடைகளை எழுதி அனுப்பினால், எதற்கு எழுதினோம் என்பதே மறந்துபோன ஒரு மத்தியானத்தில், ஓரத்தில் சிவப்பு மையோடு தாள் திரும்பும். அந்தச் சிவப்பு எழுத்துதான் எனக்கு வாத்தியார். ‘தேவலை’ என்று எழுதியிருந்த கையெழுத்தின் சாய்வை வைத்து அவருக்கு ஒரு கண்ணாடி, ஒரு வழுக்கை, கொஞ்சம் ஆஸ்துமா எல்லாம் கற்பனை செய்து வைத்திருந்தேன். ஒரு தடவை ஒன்றுமே எழுதாமல் மூன்று கேள்விக்குறி மட்டும் போட்டு அனுப்பியிருந்தார். எந்த வரிக்கு அந்தக் கேள்விக்குறி என்று தேடித் தேடியே தேய்மானக் கணக்கு முழுவதும் தலைகீழாகப் பாடமாகிவிட்டது. விளக்கி எழுதியிருந்தால் படித்துவிட்டு மடித்து வைத்திருப்பேன்.

இன்னொரு வாத்தியாரும் இருந்தாள், சம்பளம் இல்லாமல். எழுத்துக்கூட்டவும் தெரியாத என் பாட்டி, வெற்றிலை இடித்துக்கொண்டே, “இன்னிக்கு என்னடா படிச்சே, சொல்லு” என்பாள். இரட்டைப் பதிவு முறை என்று ஆரம்பித்தால், “கடன் வாங்கினவனும் குடுத்தவனும் ஒரே தாள்ல எப்படிடா சண்டை போடாம உக்காருவாங்க?” என்பாள். இருபது வயதின் மேதாவித்தனத்தோடு, இந்தக் கிழவிக்கு எங்கே புரியப்போகிறது என்று அலுத்துக்கொண்டேதான் விளக்குவேன். அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, சொல்லி முடிக்கும்போது எனக்குப் புரிந்திருக்கும். (1984 ஆகஸ்ட் 15 முதல் யு.ஜி.சி. தூர்தர்ஷனிலும் பாடம் நடத்தியது. பக்கத்து வீட்டு சாலிடேர் பெட்டியில் போய்ப் பார்த்தேன். இங்கிலீஷில் அழகாகப் பேசினார்கள். தூக்கமும் அழகாக வந்தது.)

இப்போது அந்தத் திண்ணை இருந்த இடத்தில் அடுக்குமாடி. இரண்டாவது மாடியில் என் பேத்தி பள்ளிக்கூடம் போகாமல் படிக்கிறாள். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடி, கல்வித் தொலைக்காட்சியும் வாட்ஸ்அப்பும் வீட்டுக்குள் வந்தபோது பிடித்த பழக்கம், திறந்த பிறகும் விடவில்லை. 1989-இல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவதுக்குப் பதிந்திருக்கிறாள். என்ன படிப்பது, எப்போது படிப்பது என்பதெல்லாம் அவள் இஷ்டம். துணைக்கு வாரம் ஒரு நாள் திரையில் ஒரு டீச்சர்.

“மைனஸை மைனஸால பெருக்கினா ஏன் மிஸ் பிளஸ் வருது?”

“நீ என்ன நினைக்கிற?”

அவ்வளவுதான். டீச்சர் மியூட் போட்டுக்கொண்டு டீ குடிக்கிறார். இவள் பென்சிலைக் கடிக்கிறாள், ஒரு கோடு போட்டு அழிக்கிறாள், மறுபடி போடுகிறாள். ஹாலில் இருந்த நான் பொறுக்கமாட்டாமல் தொண்டையைச் செரும, “தாத்தா, நீங்களும் மியூட்ல போங்க” என்கிறாள். இந்த மௌனத்துக்கா மாதாமாதம் ஜிபேயில் பணம் போகிறது என்று மகனைக் கேட்டேன். விடை போனிலேயே ஒரு நொடியில் கிடைக்கிறதாம், அதைப் பார்க்கவிடாமல் கொஞ்ச நேரம் தாக்காட்டுவதற்குத்தான் இப்போது டீச்சராம். என் காலத்தில் அந்தச் சேவையைத் தபால்துறை இலவசமாகச் செய்தது.

அவன்தான் காளிக்குப்பத்தைப் பற்றிச் சொன்னான். 1999-இல் டெல்லி கல்காஜியில் குடிசைப் பகுதியை ஒட்டிய சுவரில் ஓட்டை போட்டுக் கம்ப்யூட்டர் வைத்தாரே சுகதா மித்ரா, அவர் நம் பக்கத்துக் காளிக்குப்பம் கிராமத்திலும் ஒன்றை வைத்து, தமிழ் மட்டுமே தெரிந்த பிள்ளைகளிடம் மூலக்கூறு உயிரியலை இங்கிலீஷில் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு மாதத்தில் பூஜ்யத்திலிருந்து 30 சதவீதம் வரை தாங்களாகவே ஏறி, அங்கே நின்றுவிட்டார்கள். பிறகு, பாடத்தில் ஒரு வரியும் தெரியாத 22 வயதுப் பெண் ஒருத்தியை, பின்னால் நின்று ‘அடேயப்பா, இது எப்படி? காட்டேன்’ என்று பாட்டிபோல வியக்கச் சொன்னார். மதிப்பெண் 50-ஐத் தொட்டது. பயிற்சி பெற்ற ஆசிரியர் வைத்து நடத்தும் டெல்லி தனியார் பள்ளிக்குச் சமம். 2010-இல் அது ஆய்வுக் கட்டுரையாகவே வந்துவிட்டது. அதற்கு முந்தைய வருஷமே பிரிட்டனில் ஓய்வுபெற்ற டீச்சர்களைத் திரட்டி, ஸ்கைப் வழியாக இந்தியப் பிள்ளைகளை வியக்கும் வேலையில் உட்கார வைத்திருந்தார். என் பாட்டி வெற்றிலை உரலோடு செய்ததைச் செய்ய கடலுக்கடியில் கம்பி போட வேண்டியிருந்திருக்கிறது.

காளிக்குப்பத்துப் பெண்ணின் தொழில் என்ன தெரியுமா? கணக்கர். என் இனம்.

இதைப் பெருமையாகப் பேத்தியிடம் சொல்லப்போக, அவள் டீச்சர் காதில் போட்டுவிட்டாள். போன வாரம் திரையில் என்னைக் கூப்பிட்டார்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இன்னும் சிலர் இருக்கிறார்களாம், படித்ததைச் சொன்னால் உட்கார்ந்து கேட்கப் பெரியவர்கள் வேண்டுமாம். “ஒரே கண்டிஷன் சார், அந்தப் பாடம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கக் கூடாது. தெரிஞ்சா வாய் சும்மா இருக்காது. உங்களுக்குச் சுத்தமாத் தெரியாத சப்ஜெக்ட் எது?”

கணக்குப்பதிவியல் என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். பேத்தி நம்பவில்லை, டீச்சர் நம்பினார்.