ஆமையை வளர்க்கப்போவது யார்?

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறோம். ஆறு வயது மகளுக்கு ஆமை வாங்கித் தரலாமா? நாய் போல் தொந்தரவு இல்லையே!

பதில்: வேண்டாம் என்பேன். நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அலங்கார மீன் கடையில் கிடைப்பது அமெரிக்காவின் சிவப்புக் காது ஆமை. இன்று உள்ளங்கையில் அடங்கும் அது, ஒரு அடி வரை வளரும். 30 ஆண்டுகள்கூட வாழும். மகள் கல்லூரிக்குப் போன பிறகும் தொட்டி கழுவப்போவது நீங்கள்தான். வெயில் காய்ந்தே உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும் உயிர் அது. ஏற்காட்டின் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மார்கழிக் குளிரில், ஹீட்டரும் புற ஊதா விளக்கும் இல்லாவிட்டால் தீனியையே தொடாது. நோயற்றதாகத் தெரியும் ஆமையின் ஓட்டிலும் தொட்டித் தண்ணீரிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். குழந்தைகள் வாயில் வைத்து நோயுற்றதால்தான், நான்கு அங்குலத்துக்குச் சிறிய ஆமைகளை விற்க அமெரிக்கா 1975இல் தடை போட்டது.

கை கழுவினால் போதாதா என்பீர்கள். உதவும், ஆனால் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட வைக்க, பக்கத்திலேயே நீங்கள் நிற்க வேண்டும். பெரிதானால் ஏரியில் விட்டுவிடலாம் என்ற யோசனைதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களில் சிவப்புக் காது ஆமையும் ஒன்று. உள்ளூர் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். தொட்டிக்கு ஆகும் செலவில் மகளுக்கு ஒரு பைனாகுலர் வாங்குங்கள். உங்கள் சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களில் சிவப்பு மீசைச் சின்னான் பறவைகள் ஏராளம்.