மீசைக்கும் பெண்பால்

பாரீஸ், லா ஷப்பெல்

மதிப்பிற்குரிய தமிழ் ஐயாவுக்கு வணக்கம்.

திணை இரண்டு, பால் ஐந்து என்று நீங்கள் கரும்பலகையில் எழுதிப்போட்டதை நம்பி விமானம் ஏறிய திருவண்ணாமலைப் பிள்ளைகள் இங்கே முழி பிதுங்கி நிற்கிறார்கள். பாரீஸ் நகராட்சி, பெரியவர்களுக்காகப் பள்ளிக்கூடங்களில் மாலை நேரப் பிரெஞ்சு வகுப்பு நடத்துகிறது. பின்பெஞ்சில் யாழ்ப்பாணம், புதுச்சேரி, ஓரத்தில் நம்மூர். யாரும் பொழுதுபோக்குக்குப் படிக்கவில்லை. 2026 ஜனவரி 1 முதல் பத்தாண்டு வசிப்பு அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 நிலைத் தேர்ச்சி காட்ட வேண்டும்.

எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி: "உயிரில்லாத பொருளுக்கு எதற்கு ஆணும் பெண்ணும்?"

பிரெஞ்சில் அஃறிணை என்று ஒதுக்கிவைக்க இடமே கிடையாது. லத்தீனில் மூன்றாவதாக ஒரு பால் இருந்தது; அது தேய்ந்து, பெரும்பாலும் ஆண்பாலோடு கலந்துவிட்டது. ஆகவே நாற்காலி பெண், ஸ்டூல் ஆண். ஆண்கள் போடும் சட்டை 'லா ஷெமீஸ்', பெண்பால். பெண்கள் போடும் சட்டை 'லெ ஷெமீசியே', ஆண்பால். புடவையும் ஆண்பாலே. மீசை, தாடி இரண்டும் பெண்பால் என்று கேட்டதும் முறுக்குமீசை அண்ணன் ஒருவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

விதி உண்டா? உண்டு. 'ஆஜ்' என்று முடிந்தால் ஆண்பால். அதை எழுதி முடிப்பதற்குள் பிளாஜ் (கடற்கரை), பாஜ் (பக்கம்), இமாஜ் (படம்) மூன்றும் பெண்பால் என்று விலக்கு வந்துவிடும்.

இவ்வளவு பால் பார்க்கிற மொழி, வேண்டிய இடத்தில் பார்ப்பதில்லை. 'சா வுவாத்யூர்' என்றால் அவன் காரா, அவள் காரா? தெரியாது, கார் பெண்பால் என்பது மட்டும் தெரியும். அவன் மனைவி 'சா ஃபாம்', அவள் கணவன் 'சோன் மாரி'. உடையவரைப் பார்த்துப் பழகிய நம்மவர்கள் தலைகீழாகச் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். தோழி மட்டும், பெண்ணாக இருந்தும், 'சோன் அமீ'. உயிரெழுத்தில் தொடங்குவதால் ஓசைக்காக இந்தச் சலுகை. உடம்படுமெய் படித்தவர்களுக்கு அது உடனே விளங்கிற்று.

'தூ', 'வூ' பாடத்தில் நம்மவர்களுக்கே முதல் மதிப்பெண். நீ, நீங்கள் என்று அம்மா அடித்துச் சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை.

எண்ணில் மறுபடி சறுக்கல். தொலைபேசி எண்ணை இரண்டிரண்டாகச் சொல்வார்கள். 97 வந்தால் 'நாலு இருபது, பத்து, ஏழு'. கேட்பவர் முதலில் 4 எழுதி, அப்புறம் 80 ஆக்கி, கடைசியில் அடித்துத் திருத்துகிறார். பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 90-க்கு 'நொனான்த்' என்று தனிச்சொல்லே உண்டு. அங்கே சொந்தக்காரர் உள்ளவர்கள் இதைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறார்கள்.

போன வாரம் சொந்த ஊரைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னார்கள். மலைக்கு 'லா மோந்தாஞ்' என்றால் பெண்பால்; மோன் பிளான் போலப் பெயரோடு வரும் 'லெ மோன்' ஆண்பால். மலையே ஈசன் என்று ஒரு பையன் ஆண்பாலில் எழுதினான். தீபத்தன்று வெளியே வருவது அர்த்தநாரீசுவரர், இடப்பாகம் அம்மனுடையது என்று செங்கத்துப் பெண் ஒருத்தி பெண்பாலில் எழுதினாள். டீச்சரம்மா இரண்டுக்கும் சரி போட்டும் சண்டை ஓயவில்லை. தீர்ப்பை நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், சனிக்கிழமைக்குள் வேண்டுமாம்.

இப்படிக்கு,
தங்கள் பழைய மாணவன்