பத்திரமாக இருக்கிறது எண்ணெய்

எரியும் பொருளை எப்படி வைத்துக் காப்பது என்று இந்திய அரசுக்கு நன்றாகத் தெரியும். சாத்தூர்க்காரன் சொல்கிறேன், நம்பலாம். தீக்குச்சியோடும் வெடிமருந்தோடும் தலைமுறை தலைமுறையாகப் புழங்குகிற மண் எங்களுடையது. எது கவனம், எது அசட்டை என்று பார்த்த மாத்திரத்தில் எங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

கர்நாடகத்தின் உடுப்பி மாவட்டத்தில் பாதூர் என்றோர் ஊர் இருக்கிறது. அங்கே பூமிக்கடியில், பத்து மாடிக் கட்டடம் நுழைகிற உயரத்துக்குப் பாறையைக் குடைந்து, நாட்டின் அவசரத் தேவைக்கென்று கச்சா எண்ணெயை வைத்திருக்கிறார்கள். பாதூரில் 25 லட்சம் டன் கொள்ளும். மங்களூருவில் 15 லட்சம், விசாகப்பட்டினத்தில் 13.3 லட்சம். இதற்கென்றே 2004இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2015இல் விசாகப்பட்டினம், அடுத்த ஆண்டு மங்களூரு, 2018இல் பாதூர் என்று ஒவ்வொன்றாக முடித்தார்கள். அவசரப்பட்டு எதையும் செய்யவில்லை.

அந்தப் பாறையறைக்கு உள்ளே இரும்புத் தகடு கிடையாது. எண்ணெயைக் காப்பது தண்ணீர். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே குடைந்திருப்பதால், சுற்றிலும் உள்ள நீரின் அழுத்தம் எண்ணெயின் அழுத்தத்தைவிட எப்போதும் கூடுதலாக நிற்கும். தண்ணீர் கசிந்து உள்ளே வரும். எண்ணெய் ஒரு சொட்டும் வெளியே போகாது. நீர்மட்டம் இறங்கிவிடக் கூடாது என்று மேலே தனிச் சுரங்கம் வெட்டி, துளையிட்டு, பாறைக்குள் நீரைச் செலுத்திக்கொண்டே இருக்கிறார்கள். இதற்கு நீர்த்திரை என்று பெயர். உள்ளே கசிந்து சேர்ந்த நீரைத் தனியே இறைத்து, சுத்தம் செய்துதான் வெளியே விடுவார்கள். மேலே பத்து மாடி உயரத்துக்கு எண்ணெய் நிற்கும்போது, அடியில் ஒரு மனிதரும் நிற்க வேண்டியதில்லை. இதைத்தான் நான் மனதாரப் புகழ்கிறேன்.

வாங்குவதிலும் கெட்டிக்காரத்தனம் உண்டு. 2020 ஏப்ரல், மே மாதங்களில் உலகமே முடங்கிக் கச்சா எண்ணெய் விலை விழுந்தபோது, பீப்பாய் சராசரி 19 டாலருக்கு வாங்கி இந்த அறைகளை நிரப்பினார்கள். மூன்று இடங்களும் நிரம்பி இருந்தால் நாட்டுக்கு ஒன்பதரை நாள் தாங்கும் என்று 2019-20 நுகர்வை வைத்துக் கணக்கும் போட்டார்கள். ஒன்பதரை நாள் போதாது என்பதும் அரசுக்குத் தெரிந்தே இருந்தது. ஒடிசாவின் சண்டிகோலில் புதிதாகவும் பாதூரில் கூடுதலாகவும் கட்ட 2021இல் ஒப்புதல் தந்தது.

கச்சா எண்ணெயை வைத்தார்களே ஒழிய, பெட்ரோலை வைக்கவில்லை. அதிலும் ஒரு தெளிவு இருக்கிறது. அமெரிக்கா வைத்துப் பார்த்தது. 2012இல் சாண்டி புயல் அடித்து நியூயார்க் பக்கத்துப் பெட்ரோல் பங்குகள் வறண்டுபோன பிறகு, 2014இல் 10 லட்சம் பீப்பாய் பெட்ரோலைச் சேமித்தது. பத்தே ஆண்டில், 2024இல், அத்தனையையும் விற்றுக் கடையைக் கட்டியது. கச்சா எண்ணெய் ஆண்டுக்கணக்கில் பாறைக்குள் கிடக்கும். பெட்ரோல் அப்படிக் கிடக்காது. லேசான பகுதி ஆவியாகும், நாள்பட்டால் பிசின் கட்டும், பழையதை எடுத்துப் புதியதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எது தங்கும், எது தங்காது என்று தெரிந்துகொள்வதே சேமிப்பின் முதல் பாடம். அரசு அதைப் படித்திருக்கிறது.

எங்களுக்கும் அந்தப் பாடம் உண்டு. பட்டாசுக்குக் கலந்த மருந்து மறுநாளைக்கு ஆகாது. அன்றன்றைக்கு வேண்டியதைக் கலந்து, அன்றைக்கே செலுத்தி முடித்துவிட வேண்டும். மிச்ச மருந்து ராத்திரி முழுக்க ஈரம் குடித்துச் சூடேறிக் கிடந்தால், காலையில் கதவைத் திறப்பவருக்கு எமன். இதையும் அரசு அறியும். விதியாகவே எழுதி வைத்திருக்கிறது. 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி, ஓர் அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து, பொறி பறக்காத கருவி, வெடிபொருள் கிடங்குக்கு இடிதாங்கி என்று ஒன்றும் விட்டுப்போகவில்லை. சாத்தூர் பெட்ரோல் பங்குத் தொட்டிக்கும் ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு ஆலைக்கும் உரிமம் தருகிற மத்திய அமைப்பு ஒன்றுதான். பெட்ரோலியமும் வெடிபொருளும் அதன் பெயரிலேயே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. தலைமையகம் நாக்பூரில் என்பதால் ஆலைகளில் அதை ‘நாக்பூர் லைசென்ஸ்’ என்பார்கள். சிவகாசியிலேயே அதற்கு அலுவலகமும் உண்டு.

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கத்து அச்சங்குளத்தில் வெடித்த பட்டாசு ஆலையும் நாக்பூர் லைசென்ஸ் ஆலைதான். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகள் பலருக்கு உள்குத்தகைக்குப் போயிருந்தன என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கே இறந்தவர் குடும்பங்களுக்குப் பிரதமர் 2 லட்சம் ரூபாயும் முதலமைச்சர் 3 லட்சம் ரூபாயும் அறிவித்தார்கள். அதற்கு எட்டரை ஆண்டுக்கு முன், 2012 செப்டம்பர் 5இல், சிவகாசி பக்கத்து முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 35 பேருக்கு மேல் செத்தபோதும் நிதி உதவி உடனே வந்தது. அந்த வேகத்தை யாரும் குறை சொன்னதில்லை.

பாதூர்ப் பாறையை யாரும் அறை அறையாக உள்குத்தகைக்கு விட்டதில்லை. அங்கே அழுத்தம் கொஞ்சம் இறங்கினால் கருவி சொல்லும், ஆள் ஓடிவந்து பார்ப்பார். ஆண்டுக்கு ஒருநாள் சோதனைக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற காவல் இல்லை அது. இரவும் பகலும் நடக்கிற காவல். எரியும் பொருளைக் காக்கத் தெரியாத நாடு என்று இந்தியாவை இனி எவரும் சொல்ல முடியாது. பணம் இல்லாத நாடு என்றும் சொல்ல முடியாது. மூன்று குடைவுகளுக்கும் சுமார் 4,100 கோடி ரூபாய் செலவழித்திருக்கிறார்கள். அறிவு இருக்கிறது, விதி இருக்கிறது, பணம் இருக்கிறது, பொறுமை இருக்கிறது. இத்தனையும் இருப்பதை எண்ணெய் நிரூபித்துவிட்டது.

ஆகவே அரசுக்கு ஒரு வேண்டுகோள். பாதூரில் நீர்மட்டம் பார்க்கிற கண்களில் ஒரு ஜோடியை எங்கள் பக்கம் அனுப்பிவையுங்கள். முந்தின நாள் மிச்ச மருந்து எந்த அறையில் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஏழாயிரம்பண்ணைச் சாலையில் ஆள் ஏற்றுகிற வேன் காலையிலேயே வந்துவிடும். அதற்கு முன்னால் வந்து சேரச் சொல்லுங்கள்.