அடக்கவிலைத் துறையாருக்கு ஒரு விண்ணப்பம்

பங்குத் தரகு நிறுவனத்தின் அடக்கவிலைத் துறைப் பெரியோர்களுக்கு,

நான் ஓய்வுபெற்றதும், 401(கே) ஓய்வுக்காலத் திட்டத்தில் இருந்த என் கம்பெனிப் பங்குகள் விற்கப்படாமல் அப்படியே தங்களிடம் வந்து சேர்ந்தன. வந்த அன்று சந்தை மதிப்பு 1,00,000 டாலர். திட்டம் அவற்றை வாங்கிய விலை, அதாவது அடக்கவிலை, 20,000. அந்த 20,000-க்குச் சம்பளத்துக்குக் கட்டுவதுபோல் அந்த ஆண்டே வரி கட்டியாயிற்று. மீதி 80,000-க்கு விற்கும்போது நீண்டகால ஆதாய வரி கட்டினால் போதும். அமெரிக்கச் சட்டம் தரும் சலுகை இது. திட்டத்தார் அனுப்பிய 1099-ஆர் படிவத்தின் 6ஆம் பெட்டியில் அந்த 80,000 பளிச்சென்று அச்சாகியிருக்கிறது.

தங்கள் திரையிலோ அடக்கவிலை பூஜ்யம். அதாவது பங்கெல்லாம் எனக்கு ஓசியில் வந்தவை. ஏற்கெனவே வரி கட்டிய 20,000-க்கு இன்னொரு முறையும் அழ வேண்டியதுதான். படிவத்தின் நகலை இணைத்து எழுதிப் போட்டேன். மனமிரங்கித் திருத்தினீர்கள்: 1,00,000! 80,000 டாலர் லாபத்தை ஒரே சொடுக்கில் ஆவியாக்கிய தங்கள் தாராளத்தை எண்ணிக் கண் கலங்கினேன். ஐஆர்எஸ் என்னும் வரித்துறையின் கண் கலங்காதே! நான் செத்தால்கூட அந்த லாபத்துக்கு விமோசனம் கிடையாது. மற்றப் பங்குகள் வாரிசு கைக்குப் போகும்போது அடக்கவிலை அன்றைய சந்தை விலைக்கு ஏறிவிடும். இந்த 80,000-க்கு மட்டும் அந்தப் பாக்கியம் இல்லை. பிள்ளைகள் தலையில்தான் விடியும்.

தொலைபேசியில் கேட்டால், "திட்டத்தாரைக் கேளுங்க சார்" என்கிறார் தங்கள் அலுவலர். திட்டத்தாரோ, "பங்கு இப்ப அவங்ககிட்டதானே இருக்கு?" என்கிறார்கள். கணக்கு அறிக்கையின் அடியில், பூதக்கண்ணாடிக்கு மட்டும் தெரிகிற எழுத்தில் ஒரு வரி: அடக்கவிலை சரியா என்பதற்கு வாடிக்கையாளரே பொறுப்பு. நல்லது. பொறுப்பு என்னுடையது என்றால் எண்ணையும் என்னையே எழுத விடலாமே? அந்தக் கட்டத்தை மட்டும் பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

தாங்கள் திருத்தாவிட்டாலும், விற்ற ஆண்டின் வரிக் கணக்கில், 8949 படிவத்தில் சரியான விலையை நானே போட்டுக்கொள்வேன். தாங்கள் ஐஆர்எஸ்ஸுக்கும் தவறான எண்ணை அனுப்பியிருந்தால், அந்த எண்ணையே போட்டு, 'பி' என்று குறியிட்டு வித்தியாசத்தைக் காட்டிவிடுவேன். அதற்குமுன் தாங்களே மாற்றிவிட்டால் இருவருக்கும் தொல்லை மிச்சம். அடுத்த திருத்தத்தின்போது 20,000 என்ற எண்ணையும் தயவுசெய்து பரிசீலிக்கவும். பூஜ்யத்துக்கும் லட்சத்துக்கும் சராசரி எடுத்து 50,000 என்று போட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
சகலத்துக்கும் பொறுப்பான
தங்கள் வாடிக்கையாளர்