அஸ்கா

கவுந்தப்பாடிப் பக்கம் சக்கரை என்றால் நாட்டுச்சக்கரைதான். கரும்புப்பாலைக் கொப்பரையில் காய்ச்சி, பாகு பதம் வந்ததும் தொட்டியில் கொட்டித் தேய்த்துத் தூளாக்குவார்கள். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே இங்கிருந்துதான் போகிறது. அப்படிப்பட்ட ஊரில் வெள்ளையாக வந்த ஒன்றைச் சக்கரை என்று சொல்ல எங்கள் அமுச்சிக்கு மனம் வராது. "கண்ணு, ஒறம்பரை வந்திருக்காங்க. ஓடிப்போயி அரைக் கிலோ அஸ்கா வாங்கியா" என்பார். எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி. அஸ்கா போட்ட காப்பி வந்தவர்களுக்கு மட்டும்.

அஸ்கா ஓர் ஊரின் பெயர். ஒடிசாவில், கஞ்சம் மாவட்டத்தில், ருசிகுல்யா ஆற்றங்கரையில் இருக்கிறது. 1936இல் ஒடிசா தனி மாகாணமாகும் வரை கஞ்சம் நம் சென்னை மாகாணத்தின் வடகோடி. 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கே சர்க்கரை ஆலை ஓடியது. சரக்கோடு ஊர்ப்பெயரும் தெற்கே வந்து, சென்னையிலும் கொங்கிலும் வெள்ளைச் சர்க்கரையின் பெயராகவே நின்றுவிட்டது. திருநெல்வேலிக்காரர்களின் 'சீனி'க்கும் இதே கதைதான். அது சீனாவிலிருந்து வந்த பெயர். அஸ்காவில் இன்றும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் கடையில் கேட்பது 'சினி'. ஒடியாவில் சர்க்கரைக்கு அதுதான் சொல்.

பிறகு எங்களுக்குப் பக்கத்திலேயே, அப்பக்கூடலில், ஆலை வந்தது. அங்கே ஆடிய கரும்பு எங்கள் காட்டுக் கரும்புதான். என்றாலும் மூட்டை கடைக்கு வந்ததும் அஸ்கா ஆகிவிடும். பார்த்தே இராத ஒரு ஊரின் பெயரை ஒரு வட்டாரமே இத்தனை காலம் வாயில் வைத்திருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

இப்போது நாட்டுச்சக்கரைக்குத்தான் மரியாதை. நகரத்துக் கடைகளில் அழகான பாக்கெட்டில், வெள்ளையைவிடக் கூடுதல் விலைக்கு நிற்கிறது. வெள்ளைக்குப் பெயர் 'சுகர்'. அந்தச் சொல்லையும் நோய் பாதி எடுத்துக்கொண்டது. "உங்களுக்குச் சுகர் இருக்குதுங்களா?" என்றுதான் ஒறம்பரையைக் கேட்டுக் காப்பி கலக்குகிறோம்.

போன மாதம் ஊர்க் கடையில் அஸ்கா கேட்டேன். கல்லாவில் இருந்த பையன், "அப்படீன்னா என்னங்க?" என்றான். கூட்டம் இல்லாத நேரம். கஞ்சத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். செல்போனில் வரைபடத்தைத் திறந்து, "எழுத்தைச் சொல்லுங்க" என்று கேட்டுத் தேட ஆரம்பித்தான்.